அறிவிப்பு நிலையில் ஓர் ஆலை

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மணியம் அண்ணன் வந்து வாசல் கேட்டைத் தட்டினார். எங்கள் வீட்டின் சொந்தக்காரர். கிள்ளானில் மூன்று லாரி வைத்துத் துறைமுகச் சரக்கு ஓட்டுகிறார். இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார். உள்ளே வந்து உட்கார மாட்டார். எதுவானாலும் கேட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே பேசுவார்.

"தம்பி, நீங்க பாலேக் போறீங்களா, இல்லையா?"

பாலேக் என்றால் மலாய் மொழியில் திரும்பிப் போவது. இங்குள்ள தமிழர்கள் அதைத் தமிழ்ச் சொல்லாகவே புழங்குகிறார்கள்.

"போறதாத்தான் இருக்கோம்ணே."

"இதையேதான் போன தீபாவளிக்கும் சொன்னீங்க. மாசா மாசம்னு ஓட்டுறது எனக்கு சூசா லா, ரொம்ப சிரமம். ஒருத்தன் ரெண்டு வருஷத்துக்கு எக்ரிமெண்ட் போட ரெடியா நிக்கிறான். நீங்க இருக்கிறதுன்னா உங்களுக்குத்தான் மொதல்ல. அடுத்த ஞாயிறு ஒரு முடிவு சொல்லுங்க."

சரி என்றேன். அவர் போகத் திரும்பியவர் மறுபடி நின்றார்.

"கிச்சன் காபினெட்டு உளுத்துக் கொட்டுது. மாத்தித் தர்றேன்னா அதையும் வேணாம்கிறீங்க. காசு நான்தானே குடுக்கிறேன்?"

போகப் போகிறவர்களுக்குப் புது அலமாரி எதற்கு என்பதுதான் எங்கள் எண்ணம். அதை அவரிடம் சொன்னால் எப்போது போகிறீர்கள் என்று கேட்பார்.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கார் நிறுவனம் சொந்தமாக பேட்டரி செல் ஆலை கட்டப்போவதாக அறிவித்து இந்த மாதத்தோடு இரண்டு ஆண்டு ஆகிறது. என் மனைவி கலாவின் ஊர் அங்கிருந்து ஸ்கூட்டரில் போகும் தூரம். மாத வாடகைக்கு நாங்கள் மாறியதும் அந்த மாதத்தில்தான்.

2

சென்னையில் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் துணை ஆசிரியராக இருந்தவன் நான். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில் வேலை. எந்தக் கார் நிறுவனம் எங்கே எவ்வளவு பேட்டரி செய்யப் போகிறது, அதற்கு என்ன செலவாகும் என்று பார்த்து எழுதுவது எங்கள் தொழில். எங்களிடம் அதைப் பணம் கொடுத்து வாங்குபவர்கள் தாமிரத் தகடு விற்பவர்கள், இயந்திரம் செய்பவர்கள். நாங்கள் எழுதுவதை நம்பி அவர்கள் ஆள் எடுப்பார்கள், கிடங்கு பிடிப்பார்கள்.

எங்கள் அட்டவணையில் ஓர் ஆலைக்கு மூன்று நிலைகள்தான்: அறிவிப்பு, கட்டுமானம், உற்பத்தி. அறிவிப்பு யாரும் விடலாம். கட்டுமானம் என்று எழுத, கடைக்கால் தோண்டிய படமாவது வேண்டும். உற்பத்தி என்று எழுத, கழிவு ஏற்றிய லாரி ஆலையை விட்டு வெளியே வர வேண்டும். புதிதாகத் திறந்த செல் ஆலை முதல் மாதங்களில் ஏராளமாகக் கழிவைத்தான் செய்யும். ஓர் ஆண்டு முழுக்கப் புதிய சான்று ஏதும் கிடைக்காத ஆலையின் வரி அட்டவணையில் சாம்பல் நிறமாகும். சாம்பல் வரியை மொத்தத்தில் கூட்டுவதில்லை. அழிப்பதும் இல்லை. அது அங்கேயே கிடக்கும்.

மின்காரின் விலையில் பெரிய பங்கு பேட்டரியுடையது. அதை வெளியில் வாங்கினால் பிழைப்பு அடுத்தவன் கைக்குப் போய்விடும் என்று சில ஆண்டுகளுக்கு முன் கார் நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பயந்தன. ஒருவர் ஓர் ஆலை என்றால் மற்றவர் இரண்டு என்றார். எல்லா அறிவிப்புகளையும் கூட்டிப் பார்த்தால், கார் வாங்க ஆளில்லாத அளவுக்கு பேட்டரி இருந்தது. அதற்குள் சீனத்தில், முதலில் பேட்டரி செய்து பிறகு காருக்கு வந்தவர்கள், தாதுவைச் சுத்திகரிப்பதிலிருந்து செல்லை அடைப்பது வரை எல்லாவற்றையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் நாட்டுக்கே அதிகமான ஆலைகளை ஓட்டினார்கள். செல்லின் விலை சரிந்தது. இப்போது மற்ற நிறுவனங்களின் கூட்டங்களில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: ஒரு கிலோவாட்-மணி பேட்டரியை நாம் செய்தால் எவ்வளவு ஆகும், வாங்கினால் எவ்வளவு ஆகும். கட்டடம், வட்டி, கழிவு, ஆட்களுக்கு வேலை பழகும் காலம் எல்லாவற்றையும் சேர்த்தால் செய்வதுதான் செலவு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்த பிறகு யாரும் பேச வேண்டியதில்லை.

ஆனால் 'ரத்து' என்ற சொல்லை எந்த நிறுவனமும் எழுதாது. காலவரிசையைச் சந்தைக்கேற்ப அமைத்துக்கொள்கிறோம் என்பார்கள். கட்டம் கட்டமாக முன்னேறுகிறோம் என்பார்கள். இந்த நடையை நான் அலுவலகத்தில் ஒரே வரியாகச் சுருக்கிவிடுவேன். வீட்டில் நாங்களும் இதே நடையில்தான் பேசிக்கொண்டிருந்தோம். மகள் யாழினியின் பரீட்சை முடியட்டும். பொங்கலுக்குள்ள தெரிஞ்சுடும்.

கிருஷ்ணகிரி வரியை நான் பார்ப்பதில்லை. அதில் என் குடும்பத்துக்குச் சொந்த நலன் இருக்கிறது என்று அறிவிப்பு வந்த வாரமே சொல்லிவிட்டேன். பத்திரிகையில் பழகிய வழக்கம். அந்த வரி அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தனேஷிடம் போயிற்று. தனேஷ் இங்கேயே பூச்சோங்கில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிட நன்றாகக் கணக்கு வரும். ஊர்ப் படம் வேண்டுமென்றால் மட்டும் என்னிடம் வருவான்.

3

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் உள்ள ஒரு செல் ஆலையில் கலா வேலை செய்கிறாள். குழம்பு போன்ற கலவையைத் தாமிரத் தகட்டின் மேல் ஒரே சீராகப் பூசும் பிரிவு. பூச்சு முடிந்து செல்லை அடைக்கும் அறையில் ஈரம் இருக்கவே கூடாது. மனிதர் விடும் மூச்சில்கூட ஈரம் உண்டு என்பதால் அந்த அறைக்குள் எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். வெளியே தினமும் மாலை மழை. கதவைத் திறந்தால் சட்டை உடம்பில் ஒட்டும். உள்ளே பாலைவனம்.

அந்த அறைக்குப் போய்வரும் நாட்களில் அவளுக்கு உதடு வெடித்திருக்கும். முழங்கையில் வெள்ளை படரும். ஒரு நாள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"மார்கழி மாசம் எங்க ஊர்ல இப்படித்தான் வெடிக்கும். உள்ள போனா ரெண்டு நிமிஷம் ஊர்ல நிக்கிற மாதிரி இருக்கு. அப்புறம் மெஷின் சத்தம் வந்துடுது."

கலா வேதிப் பொறியியல் படித்து முடித்தபோது கிருஷ்ணகிரியில் அவள் படிப்புக்கு வேலை இல்லை. ஓசூரில் கிடைத்தது வேறு வேலை. கற்ற வேலையைத் தேடிப் புறப்பட்டவள் இந்தக் கரையில் நின்றாள். அதனால் அந்த அறிவிப்பு எனக்குச் செய்தி. அவளுக்கு அப்படியில்லை. நிறுவனத்துக்கு எழுதினாள். இணையவழியில் இருமுறை பேசினார்கள். பூச்சுப் பிரிவின் தலைமைப் பொறுப்பு உங்களுக்குத்தான், இயந்திரம் இறங்கும் மாதத்தில் கூப்பிடுகிறோம் என்றார் ஒரு மேலாளர். அதற்குப் பிறகு அவள் அந்த ஆலையைப் பற்றிப் பேசும்போது எதிர்கால வினையில் பேசியதில்லை. "நம்ம லைன்ல அந்தத் தப்பு பண்ணக் கூடாது" என்பாள். ஸ்கூட்டரில் எந்த வழியாகப் போனால் சுங்கச்சாவடி நெரிசல் இருக்காது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

நாங்கள் சோபா வாங்கவில்லை. மடக்கு நாற்காலிகள் போதும் என்றிருந்தோம். சுவரில் ஆணி அடிக்கவில்லை. யாழினிக்குப் பதினைந்து வயது. பள்ளிப் பூப்பந்துப் போட்டியில் வாங்கிய கேடயத்தை மாட்ட வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அதைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். மின்விசிறி ஓடும்போதெல்லாம் அது விழும்.

4

ஆறு மாதம் முன்பு கலாவின் தம்பி முருகேசன் ஒரு படம் அனுப்பினான். நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருப்பவன். ஆலைக்கு ஒதுக்கிய நிலம் அவன் போய்வரும் வழி. தனேஷ் கேட்டதற்காக நான் கேட்டிருந்தேன். படத்தில் வேலி இருந்தது. நிறுவனத்தின் பலகை இருந்தது. பூமி பூஜை போட்ட மேடை இருந்தது. மீதி இடமெல்லாம் தக்காளி. குச்சி நட்டு, கயிறு இழுத்து, ஒழுங்காகக் கட்டிய தக்காளி.

நட்டவர் சின்னப்பன். அந்த நிலத்தில் ஒரு பகுதி முன்பு அவருடையது. நிலத்தைக் கொடுத்தவருக்கே நிறுவனம் காவலாளி வேலை கொடுத்திருந்தது. வேலிக்குள் அவருடைய ஆடுகளும் மேய்ந்தன.

படத்தை தனேஷ் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அண்ணே, இது என்னா, சாம்பார்ல ஓடுற காரு விடப் போறாங்களா?"

"சம்பளம் மாசாமாசம் வருதாம். சும்மா உக்காந்திருக்க முடியாம நட்டிருக்காரு."

"தக்காளி எத்தனை மாசம்ணே?"

"மூணு. மிஞ்சினா நாலு."

"அப்ப அதுவரைக்கும் மண்வாரி வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு." அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நோட் போட்டுக்கிறேன்ணே. கலரு மாத்தல. பூஜை போட்டு இன்னும் ஒரு வருஷம் ஆகல."

"உன் வரி. நீயே பாத்து எழுது."

வீட்டில் அதே படத்தைக் கலாவுக்குக் காட்டினேன். அவளும் தனேஷின் கணக்கைத்தான் போட்டாள். ஆனால் விடை வேறு.

"மூணு மாசம்தானே" என்றாள்.

5

இந்தச் சனிக்கிழமை காலை, தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கடவுச்சீட்டுகளை முகவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த வேலை. முதல் முறை நானே குடிநுழைவுத் துறைக்குப் போனேன். ஒரு நகல் குறைந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று சொல்வதாக நினைத்து, "சாயா பாலேக்" என்று முகப்பில் சொன்னேன். ஊருக்குப் போகிறேன் என்று பொருள். அப்படியானால் அனுமதி எதற்கு என்று அந்த ஊழியர் கேட்டார். அவர் சிரிக்காமல்தான் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் சிரித்தது.

முகவர் மூவரின் தாளையும் புரட்டிவிட்டு, "நிரந்தர முகவரி அதே கிருஷ்ணகிரிதானே சார்?" என்றார்.

"அதேதான்" என்றாள் கலா.

யாழினி அந்தப் பக்கம் திரும்பிக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு அவள் படிவம் நான்கு, நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு போல. எந்தப் பாடப்பிரிவு என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அவள் இன்னும் சொல்லவில்லை. எந்த நாட்டில் படிக்கப் போகிறோம் என்று தெரியாமல் எதைச் சொல்வது என்பது அவள் கட்சி. அதில் தப்பும் இல்லை. வெளியே வந்து நடக்கும்போது சொன்னாள்.

"அம்மா, கோச் கேக்குறாரு. அடுத்த வருஷம் ஸ்டேட் டீமுக்கு பேரு குடுக்கவா வேணாவான்னு."

"உங்க அம்மாயி வீட்டுப் பக்கத்துலயும் ஸ்கூல் இருக்குடி. அங்கயும் வெளையாடறாங்க."

"அது உங்க ஊரும்மா. எங்க ஊர்ல இப்பத்தான் எனக்கு எடம் கெடைச்சிருக்கு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கிள்ளானை எங்க ஊர் என்று சொன்னது அவளுக்கே தெரிந்திருக்காது. கலா பழக்கடைக்குள் நுழைந்தாள்.

இந்தியாவிலிருந்து மாம்பழப் பெட்டி வந்திருந்தது. அல்போன்சா, பங்கனப்பள்ளி. கலா ஒவ்வொரு பெட்டியாக மூடியைத் தூக்கி, தன் ஊர் ரகத்தைத் தேடி முகர்ந்தாள்.

"செந்தூரா வரலையாக்கா?"

"அது வராது லா. தோலு மெல்லிசு, வழியிலயே அழுகிடும்" என்றார் கடைக்கார அக்கா. "எல்லா வருஷமும் நீங்க ஒருத்தவங்கதான் அதைக் கேக்குறீங்க."

"அடுத்த வருஷம் கேக்க மாட்டேன்க்கா."

"ஏன், பாலேக் போறீங்களா?"

"ஆமாக்கா."

போன ஆண்டு இதே கடையில் நின்று இதையே சொன்னாள். கடைக்கார அக்காவுக்கும் அது நினைவிருந்திருக்க வேண்டும். அவர் பங்கனப்பள்ளியை எடை போட்டார்.

6

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் திரும்பி, வீட்டுக் கதவைத் திறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முருகேசன் குரல்செய்தி அனுப்பியிருந்தான். நல்ல செய்தி என்று தொடங்கியதால் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன்.

"மாமா, நல்ல சேதி. கம்பெனிக்காரங்க வேலையை ஆரம்பிச்சுட்டாங்க போல. தக்காளியெல்லாம் புடுங்கிட்டு உள்ள பூரா குழி எடுத்து வரிசையா கன்னு நட்டிருக்காங்க. எடத்தை அழகு பண்றாங்க மாமா. அக்காகிட்ட சொல்லுங்க, அடுத்த பொங்கல் இங்கதான்."

கீழே படம் இருந்தது. செம்மண்ணில் வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரக் கன்று, தாங்குக் குச்சி. நிறுவனத்தின் பலகைக் காலில் ஓர் ஆடு கட்டியிருந்தது. கலா கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கி, படத்தை விரலால் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய் முருகு, இது என்ன கன்னு?"

"மாங்கன்னுக்கா. ஒட்டு."

"வேலி ஓரமா இருக்குதா, உள்ளயா?"

"உள்ள பூரா இருக்குது. பூஜை போட்டாங்களே, அதுவரைக்கும் போவுது."

"கன்னுக்குக் கன்னு எவ்வளவு விட்டிருக்கு?"

"நான் என்ன டேப்பு புடிச்சா பாத்தேன்? முப்பது அடி இருக்கும். எதுக்குக்கா?"

"நட்டது யாரு?"

"சின்னப்பன்தான். கம்பெனியிலேர்ந்து ஒருத்தரு வந்து பாத்தாராம். எடத்தைச் சும்மா போடாத, எதனா வெச்சுக்கன்னு சொல்லிட்டுப் போனாராம்."

அழகுக்கு மரம் வைப்பவர் வேலி ஓரமாக, நெருக்கமாக வைப்பார். முப்பது அடி விட்டு நிலம் முழுக்க வைப்பவர் தோப்பு போடுகிறார். ஒட்டு மாங்கன்று நன்றாகக் காய்ப்புக்கு வர நான்கைந்து ஆண்டு ஆகும். கிருஷ்ணகிரியில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. முருகேசனுக்கும் தெரிந்ததுதான். அக்கா வரப் போகிறாள் என்ற சந்தோஷத்தில் அவன் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். என்ன ரகம்டா?"

"செந்தூரா."

கலா கைப்பேசியை மேசையில் வைத்தாள். வாங்கிவந்த பழங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கழுவினாள். கழுவியவற்றையே மறுபடி கழுவினாள்.

"தனேஷுக்கு அனுப்பிடுங்க" என்றாள்.

"திங்கக்கிழமை அனுப்பறேன்."

"இப்பவே அனுப்புங்க."

அனுப்பினேன். முப்பது அடி இடைவெளி, சின்னப்பனிடம் நிறுவனத்து ஆள் சொன்னது, எல்லாம் எழுதினேன். தனேஷ் உடனே பதில் போட்டான். 'அண்ணே, இன்னொரு காலாண்டு அப்படியே விடவா? மொத்தக் கணக்குல பெருசா ஒண்ணும் மாறாது லா.' கலா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"நல்ல பையன்" என்றாள். "வேணாம்னு போடுங்க. சாம்பல் ஆக்கச் சொல்லுங்க."

அப்படியே எழுதினேன். வரி அழியாது, அங்கேயேதான் கிடக்கும் என்று அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அது அவளுக்குத் தெரியும்.

யாழினி அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்ப நம்ம போகலையாம்மா?"

"இல்லடி."

அவள் துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். துள்ளவில்லை. உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் கழித்து, கேடயத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கவா? ஒண்ணே ஒண்ணு."

"எங்க வேணும்னு சொல்லு" என்றாள் கலா. "அப்பா அடிச்சுத் தருவாரு."

7

இன்று காலை மணியம் அண்ணன் வந்தார். வழக்கம்போலக் கேட்டின் மேல் கை. கலாவே போய்ப் பேசினாள்.

"ரெண்டு வருஷம் போடுங்கண்ணே."

"நிச்சயமாவா? பிறகு பொங்கல், தீபாவளின்னு சொல்லக் கூடாது."

"சொல்லல."

"காபினெட்டு?"

"மாத்திடுங்க. எனக்கு மேல் தட்டு எட்டணும், அதை மட்டும் ஆசாரிகிட்ட சொல்லுங்க."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "மழைக்கு முந்தி ஆள் அனுப்புறேன் லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கலா கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று முருகேசனுக்குக் குரல்செய்தி பதிவு செய்தாள். சன்னல் வழியே கேட்டது.

"டேய் முருகு, சின்னப்பன்கிட்ட சொல்லு. கன்னு நட்டா மட்டும் போதாது, சுத்தி முள்ளு கட்டணும். படத்துல ஆடு பக்கத்துலயே நிக்குது. இப்ப துளிர் விடற நேரம். கடிச்சு வெச்சிடும்."

விரலை எடுத்தாள். எடுத்தவள் மறுபடியும் அழுத்திக்கொண்டு சொன்னாள்.

"நீயே ஒருக்கா போய்ப் பாத்துட்டு வா. கட்டினதும் படம் அனுப்பு."